பால் ஆய்விதழ்களின் ஆசிரியர் குழுக்களுக்கு: மாதிரி எடுத்த விதத்தைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். உங்கள் இதழ்களில் வரும் கட்டுரைகளை நம்பித்தான் பண்ணையில் தீவனத்தை மாற்றுகிறார்கள், ஆலையில் சூடேற்றும் முறையை மாற்றுகிறார்கள். அந்தக் கட்டுரைகளில் கருவியின் பெயரும் மாடல் எண்ணும் தவறாமல் இருக்கின்றன. மாதிரியைப் பற்றியோ பல நேரம் ‘பால் சேகரிக்கப்பட்டது’ என்ற ஒரே வரிதான். கருவிக்குள் போகும் முன்பே எண் கெட்டுவிடுவது அந்த ஒரு வரிக்குள்தான். அதை விரித்து எழுதச் சொல்லி நீங்கள் கட்டாயப்படுத்த வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

முதலில் கொழுப்பு. ஒரே மாட்டில், ஒரே கறவையில், முதலில் வரும் பாலில் கொழுப்பு 1 முதல் 2 சதவீதம்தான் இருக்கும். மடி வற்றும் நேரத்தில் வரும் கடைசிப் பாலில் 8 சதவீதத்தைத் தாண்டலாம். கொழுப்புத் துளிகள் மடியின் நுண்ணறைகளிலேயே தங்கி, கடைசியில்தான் இறங்குகின்றன. மாடு மிரண்டு பாலை முழுதாக இறக்காவிட்டால் கொழுப்பு குறைவாகத் தெரியும். தீவனத்தின் மேல் பழி விழும். காம்பிலிருந்து கையால் பீய்ச்சிய 50 மி.லி.யை வைத்து அன்றைய பாலின் கொழுப்பைச் சொல்ல முடியாது. முழுக் கறவையையும் கறந்து, கலக்கி, அதிலிருந்து எடுத்தார்களா என்று கேளுங்கள்.

காலைப் பாலும் மாலைப் பாலும் ஒன்றல்ல. இடைவெளி நீண்ட கறவையில் பால் கூடும், கொழுப்பு விழுக்காடு குறையும். காலையில் 12 லிட்டர், 3.6 சதவீதம், மாலையில் 8 லிட்டர், 4.6 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்தால் 4.1 வரும். அந்த மாட்டின் அன்றைய உண்மையான கொழுப்பு 4.0. லிட்டருக்கு 5 மி.லி. என்று கணக்கிட்டு, காலையில் 60, மாலையில் 40 மி.லி. சேர்த்தால் இந்தப் பிழை வராது. 0.1 தானே என்று விட்டுவிட முடியாது. தீவனச் சோதனைகளில் பலன் என்று காட்டப்படும் வித்தியாசமும் சில நேரம் அந்த அளவுதான்.

குளிர்ந்த பசும்பாலைக் கலக்காமல் வைத்தால் அரை மணி நேரத்திலேயே ஏடு மேலேறத் தொடங்கிவிடும். அதற்காக வேகமாகக் குலுக்கினால் நுரை கட்டும், வெண்ணெய்த் துணுக்குகள் திரண்டு குப்பியின் சுவரில் ஒட்டும், அளவு குறையும். மாதிரியை 38 முதல் 40 டிகிரி செல்சியசுக்குச் சூடாக்கி, குப்பியை மெதுவாகத் தலைகீழாகத் திருப்பித் திருப்பிக் கலக்குவதே சரி. கந்தக அமிலத்தால் கொழுப்பைப் பிரித்து அளக்கும் ஜெர்பர் முறையாக இருந்தால் அதற்குப் பிறகு 20 டிகிரிக்குக் குளிர்வித்து அளக்க வேண்டும். அமிலத்தின் வலு கூடினால் கொழுப்புப் பத்தியின் அடியில் கருகல் படியும். குறைந்தால் கரையாத வெண்துகள்கள் நிற்கும். இரண்டு நிலையிலும் எண் வாசிக்கத்தக்கதல்ல; சோதனையைத் திரும்பச் செய்ய வேண்டும்.

அடுத்து புரதம். நைட்ரஜனை அளந்து 6.38ஆல் பெருக்கினால் கிடைப்பது மொத்தப் புரதம். அதில் யூரியா போன்ற புரதமல்லாத நைட்ரஜனும் சேர்ந்திருக்கிறது. பசும்பாலில் அது மொத்த நைட்ரஜனில் சுமார் 5, 6 சதவீதம். 3.4 சதவீதம் என்று எழுதப்பட்டது உண்மைப் புரதமாக 3.2தான் இருக்கும். அடர்தீவனத்தில் யூரியா சேர்த்த சோதனையில் இந்த வேறுபாட்டைச் சொல்லாமல் ‘பாலில் புரதம் கூடியது’ என்று எழுத விடவே கூடாது.

பதப்படுத்தல் கட்டுரைகளில் எங்களுக்கு மிகவும் கவலை தருவது ‘72 டிகிரி, 15 விநாடி’ என்ற வரி. ஆலையின் தகட்டு வெப்பமாற்றியில் பால் அந்த வெப்பநிலையை விநாடிகளில் எட்டும். ஆய்வகத்தில் ஒரு லிட்டர் குப்பியை வெந்நீர்த் தொட்டியில் வைத்தால் பல நிமிடம் ஆகும். ஆறவும் அதே போல நேரம் பிடிக்கும். 70 டிகிரிக்கு மேல் பீட்டா லாக்டோகுளோபுலின் என்ற மோர்ப் புரதம் குலையத் தொடங்கி, பாலின் முக்கியப் புரதமான கேசீனின் திரள்களின் மேற்பரப்பில் உள்ள கப்பா கேசீனோடு பிணைகிறது. அப்படிப்பட்ட பாலில், பாலை உறைய வைக்கும் நொதியான ரென்னட் சரியாக வேலை செய்யாது, கட்டி தளர்வாக இருக்கும். ஆகவே சூடேற எடுத்த நேரமும் ஆற எடுத்த நேரமும் இல்லாத பாலாடைக்கட்டிக் கட்டுரையை வேறு யாரும் திரும்பச் செய்து பார்க்க முடியாது. பால் 4 டிகிரியில் எத்தனை மணி நேரம் இருந்தது என்பதும் தேவை. குளிரில் பீட்டா கேசீனின் ஒரு பகுதி திரளை விட்டு வெளியேறும், கால்சியம் பாஸ்பேட்டும் கொஞ்சம் கரையும். ஒரு நாள் பழைய பால் உறைய அதிக நேரம் எடுப்பது இதனால்தான்.

எண்ணிக்கையிலும் கண்டிப்பு வேண்டும். 8 மாடுகளிடம் 10 நாள் எடுத்த பால் 80 தனித்தனி மாதிரி ஆகாது, மாடுகள் எட்டுதான். ஒரே கொட்டிலில் ஒரே தொட்டியில் தின்றவை என்றால் அந்தக் கொட்டிலே ஓர் அலகு. தீவனம் மாறியபின் பாலின் கொழுப்பு நிலைகொள்ள இரண்டு, மூன்று வாரம் ஆகும் என்பதால், ஐந்தாம் நாள் மாதிரியை வைத்து முடிவு எழுதியதை ஏற்காதீர்கள்.

கட்டுரை சமர்ப்பிக்கும் படிவத்தில் இவற்றுக்கெல்லாம் தனித்தனிக் கட்டங்கள் வையுங்கள்: கறவை நேரமும் இடைவெளியும், கன்று ஈன்று எத்தனை நாள், எத்தனையாவது ஈற்று, மாதிரி விகிதம், சேர்த்த பாதுகாப்புப் பொருளும் அளவும், குளிரில் வைத்த நேரம், சோதனைக்கு முன் சூடாக்கிய வெப்பநிலை. மாதிரிக் குறிப்பேடு இல்லை என்று பதில் வந்தால் முழுக் கட்டுரையையும் தள்ள வேண்டியதில்லை. கொழுப்பு, புரதம் போன்ற சேர்மான எண்களையும் அவற்றின் மேல் கட்டிய முடிவுகளையும் நீக்கிவிட்டு, பால் அளவு, தீவன அளவு பற்றிய பகுதியை வெளியிடலாம்.

இப்படிக்கு,
தொழுவத்திலும் ஆய்வகத்திலும் பால் மாதிரிகளைக் கையாள்பவர்கள்