900 லிட்டர் டீசல் எங்கே போனது?

அன்புள்ள சண்முகம்,

இங்கே அனைவரும் நலம். உன் முட்டிவலி இன்னும் போகவில்லை என்றால் அந்த எண்ணெயை நீ விடவில்லை என்று அர்த்தம்.

எழுத வந்தது வேறு. நம் முருகேசன் மேல் திருட்டுப் பழி விழுந்துவிட்டது. அவர் வேலை பார்க்கும் பெட்ரோல் பங்கில் டீசல் இருப்பு கணக்கைவிட 900 லிட்டர் குறைகிறதாம். யார் மேல், பார்த்தாயா! மனம் கேட்காமல் நேரே போய்க் கணக்கை வாங்கிப் பார்த்தேன்.

லாரி சரக்கு இறக்கிய மறுநாள் குறைவு அதிகம். விற்று இறங்க இறங்க அந்தக் குறைவும் சுருங்குகிறது. எந்தத் திருடன் எடுத்ததைத் திருப்பி ஊற்றுவான்?

தொட்டி படுக்கை உருளை. விட்டம் 2 மீட்டர், கொள்ளளவு 20,000 லிட்டர். முதலாளியின் மகன் டிப் சார்ட்டை, அதாவது தொட்டியில் டீசல் இத்தனை உயரம் (டிப்) நின்றால் இத்தனை லிட்டர் என்று சொல்லும் அட்டவணையை, எக்செலில் ஏற்றி, அந்தப் புள்ளிகளை ஒட்டிப் போகும் மூன்றாம் படி வளைகோடு (டிரெண்ட்லைன்) போட்டிருக்கிறான். கோடு எவ்வளவு பொருந்துகிறது என்று சொல்லும் ஆர் ஸ்கொயர் 1 என்று வந்ததும், வரைபடத்தில் தெரிந்த சமன்பாட்டை அப்படியே பார்த்து இருப்புக் கணக்கில் அடித்துவிட்டான். கோட்டில் பிழை இல்லை. ஆனால் எக்செல் அந்தச் சமன்பாட்டைச் சுருக்கித்தான் எழுதிக் காட்டும். உயரத்தின் கனத்துக்கு (மும்மடிக்கு) முன்னால் மைனஸ் 0.000003 என்று தெரிகிறது; உள்ளே இருப்பது மைனஸ் 0.00000275 அளவில். பொடி வித்தியாசம்தானே என்பாய். டிப் 1500 மில்லிமீட்டர் என்றால் அதன் கனம் 337.5 கோடி. பெருக்கிப் பார், 840 லிட்டரைத் தாண்டும்! மற்றக் கெழுக்களின் (சமன்பாட்டில் பெருக்கும் எண்களின்) சுருக்கமும் சேர்ந்தால் 900 வந்துவிடும்.

சமன்பாட்டைத் தேர்ந்தெடுத்து, எண் வடிவத்தில் தசம இடங்களைக் கூட்டிக் காட்டினேன். கெழுக்களை நேரடியாகக் கணக்கிட்டுத் தரும் எக்செலின் லின்எஸ்ட் சார்பு கொடுத்த எண்களும் அவற்றோடு பொருந்தின. டீசல் முழுவதும் தொட்டிக்குள்ளேயே இருந்தது.

அப்போதும் எனக்குத் திருப்தி இல்லை. காலித் தொட்டிக்கு அந்தக் கோடு மைனஸ் 150 லிட்டர் அளவுக்குச் சொல்கிறது. "அப்படியானால் ஆறாம் படி போடட்டுமா?" என்றான் பையன். எக்செல் அதுவரை விடும்; நான் விடவில்லை. சார்ட் கையில் இருக்கும்போது வளைகோடே எதற்கு? பக்கத்துப் பக்கத்து வரிகளுக்கு நடுவே விகிதம் போட்டு எடுத்தால் போதும். மாற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

பையன் முருகேசனிடம் மன்னிப்புக் கேட்டான். முதலாளி இன்னும் வாய் திறக்கவில்லை. பிடித்த சம்பளத்தையும் கொடுக்கவில்லை. முருகேசன் வேலைக்குப் போகாமல் வீட்டிலேயே இருக்கிறார். முதலாளி உன் பேச்சைத் தட்டமாட்டார். இந்தக் கடிதம் கிடைத்ததும் அவரைக் கூப்பிட்டுப் பேசு.

உன்,
ராமநாதன்