மூன்றரை மணி நேரம் ஆகும் என்று முதலிலேயே சொல்லுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

2025 செப்டம்பர் 7 சந்திர கிரகணத்துக்கு உங்கள் நாளிதழ் அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தது. படம் பிரமாதம். செக்கச்சிவந்த நிலா, அதன் கீழே கோபுரம். ஆனால் எத்தனை மணிக்கு என்ன தெரியும் என்று தேடினால், கடைசிப் பத்தியில் ‘இரவு முதல் நள்ளிரவு கடந்தும் காணலாம்’ என்று ஒரே ஒரு வரிதான் இருந்தது.

அந்தப் படத்தை நம்பி எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடி ஒன்பதரைக்கே நிறைந்துவிட்டது. பாய், சுண்டல், பிள்ளைகள் என்று திருவிழாக் கூட்டம். 9.57க்கு நிழல் நிலாவைத் தொட்டது. அதுவும் தொட்டதா இல்லையா என்று ஐந்து நிமிடம் விவாதம். பத்தேகாலுக்கு ஓரத்தில் கொஞ்சம் மங்கியிருந்தது. கைபேசியில் எடுத்துப் பார்த்தால் தெருவிளக்கு மாதிரி ஒரு வெள்ளைப் பொட்டு. “எப்ப சார் சிவக்கும்?” என்று கீழ்வீட்டு அம்மா கேட்டார். “பதினோரு மணி ஆகும்மா” என்றேன். “அப்ப காலையில ரீல்ஸ்ல பாத்துக்கலாம், நாளைக்கு ஸ்கூல் இருக்கு” என்று பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டார். பத்தரைக்கு மேல் மாடியில் விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஆட்கள்.

போனவர்கள் தவறவிட்டது சிவப்பு நிறத்தை மட்டுமல்ல. முழு நிலா வெளிச்சத்தில் தரையில் விழுந்திருந்த கைப்பிடிச் சுவரின் நிழல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து, பதினோரு மணிக்கு இருந்த இடமே தெரியவில்லை. அதுவரை நிலா வெளிச்சத்தில் அமுங்கிக் கிடந்த நட்சத்திரங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இதைப் பத்து வினாடி வீடியோவில் யாராலும் காட்ட முடியாது.

நான் அந்த அம்மாவைக் குறை சொல்லவில்லை. நிலா தன் அகலத்தைத் தானே கடக்க ஏறக்குறைய ஒரு மணி நேரம் ஆகிறது. அதன் மேல் விழும் பூமியின் நிழலோ நிலாவைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல் அகலம். அதனால்தான் அன்று நிழல் பட்டதிலிருந்து விலகும் வரை மூன்றரை மணி நேரம் ஆனது. முழுக் கிரகணம் மட்டும் 82 நிமிடம். இது எல்லாம் முன்கூட்டியே நிமிடக் கணக்கில் தெரிந்த விஷயம். திருவாரூரில் ஆழித்தேர் நிலைக்கு வர எவ்வளவு நேரமானாலும் ஜனம் முகம் சுளிப்பதில்லை. தேர் அசைந்து அசைந்துதான் வரும் என்று தெரிந்தேதான் வருகிறார்கள். வானத்து விஷயத்தில் மட்டும் அதைச் சொல்லாமல் வரவழைத்துவிடுகிறோம்.

2025 ஜனவரியில் ‘கோள்களின் அணிவகுப்பு’ என்று ஒரு கூத்து நடந்தது. மணி கோத்த மாதிரி கோள்கள் வரிசையாக நிற்கும் படங்கள், கூடவே ‘25ஆம் தேதி தவறவிடாதீர்கள்’ என்ற எச்சரிக்கை. உண்மையில் வெள்ளி, சனி, வியாழன், செவ்வாய் நான்கும் வானத்தின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்குமாகப் பரந்து, வாரக்கணக்கில் மாலையில் தெரிந்துகொண்டிருந்தன. யுரேனசையும் நெப்டியூனையும் பார்க்கத் தொலைநோக்கி வேண்டும். 25ஆம் தேதிக்கு என்று தனிச் சிறப்பு எதுவுமில்லை. அன்று மட்டும் பார்த்து ஏமாந்தவர் மறுநாள் ஏன் நிமிர்ந்து பார்க்கப்போகிறார்?

2020 டிசம்பர் 21 அன்று வியாழனும் சனியும் நெருங்கியதற்கும் இதே கதிதான். அன்று இரண்டுக்கும் இடையே நிலாவின் அகலத்தில் ஐந்தில் ஒரு பங்கு இடைவெளி. ஆனால் அதன் ருசி அந்த ஒரு நாளில் இல்லை. அதற்கு முந்தைய வாரங்களில் தினமும் மாலை மேற்கே பார்த்து, நேற்றைவிட இன்று நெருங்கிவிட்டதே என்று கண்டவர்களுக்குத்தான் 21ஆம் தேதி பெரிதாக இருந்தது. தினம் இரண்டு வரி போட்டிருந்தால் போதும்.

‘டி கொரோனே பொரியாலிஸ்’ விண்மீன் 2024 செப்டம்பருக்குள் வெடிக்கும் என்று எழுதினார்களே, அந்த ஆண்டே முடிந்தும் அது அசையவில்லை. 1866, 1946 என்று ஏறத்தாழ எண்பது ஆண்டுக்கு ஒருமுறை வெடிக்கும் ஒன்றுக்கு மாதக் கெடு விதித்தால் இப்படித்தான் ஆகும். வெடித்தாலும் நமக்குத் தெரியப்போவது துருவ நட்சத்திரம் அளவுக்கு ஒரு புதுப் புள்ளி. அந்தப் பகுதி வானம் இப்போது எப்படி இருக்கிறது என்று பழகாதவருக்கு எது புதுசு என்றே தெரியாது.

ஏமாற்றம் என்றால் லெ ஜான்டிலுக்கு வந்ததுதான் ஏமாற்றம். சூரியனை வெள்ளிக் கோள் கடப்பதைப் பார்க்கப் பிரான்சிலிருந்து புதுச்சேரிக்குக் கிளம்பிய வானியலாளர் அவர். 1761இல் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டதால் கரையிறங்க முடியாமல் நடுக்கடலில் கப்பலிலேயே இருக்கவேண்டியதாயிற்று. வெள்ளி மறுபடி சூரியனைக் கடப்பதற்காக எட்டு ஆண்டுகள் ஊர் திரும்பாமல் காத்திருந்து, 1769 ஜூன் 4 அன்று புதுச்சேரியில் தொலைநோக்கியோடு தயாராக நின்றார். மேகம் மறைத்துவிட்டது. ஊர் திரும்பினால், இறந்துவிட்டார் என்று முடிவுகட்டி வாரிசுகள் சொத்தைப் பிரிக்கக் கிளம்பியிருந்தார்கள்! நம் மாடிக்காரர்களுக்கு அவ்வளவு பொறுமை வேண்டாம், ஒரு மணி நேரம் இருந்தால் போதும்.

எனவே ஒரு வேண்டுகோள். படத்தைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. பக்கத்திலேயே நேர அட்டவணையையும், வெறும் கண்ணுக்கு எவ்வளவு பெரிதாகத் தெரியும் என்பதையும், எந்த அரை மணி நேரம் பார்த்தால் போதும் என்பதையும் போடுங்கள். தூங்கப் போகிறவர் பதினொன்றுக்கு அலாரம் வைத்துக்கொண்டு வருவார்.

2026 மார்ச் 3, மாசிப் பௌர்ணமியன்று மறுபடியும் முழு சந்திர கிரகணம். ஆனால் நம் ஊர்களில் நிலா உதிப்பதற்கு முன்பே, மாலை 5.33க்கே முழுமை முடிந்துவிடும். நமக்குக் கிடைப்பது கிழக்கே தாழ்வாக, ஓரத்தில் நிழலோடு எழும் நிலா மட்டும்தான். அதுவும் 6.47க்குள் தெளிந்துவிடும். அதற்கும் இதே சிவப்புப் படத்தை எடுத்துப் போட்டுவிடாதீர்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர்,
திண்டுக்கல்.