தீர்ப்போடு நாடகம் முடியவில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற இதழில் கிரேக்க நாடகாசிரியர் ஈஸ்கிலஸின் ‘ஒரெஸ்தியா’ என்னும் மூன்று நாடகத் தொடரைப் பற்றி வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கிரேக்க நாடகத்தைப் பற்றித் தமிழில் இவ்வளவு பொறுப்பாக எழுதுவோர் குறைவு. கட்டுரையாளருக்கு என் நன்றி. ஆனால் அவருடைய கடைசிப் பத்தியை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. நீதிமன்றம் தீர்ப்பளித்தது, பழிவாங்கும் தேவதைகள் விரட்டப்பட்டனர், பழிச் சங்கிலி அறுந்தது என்று முடித்திருக்கிறார். நாடகத்தில் அப்படி நடக்கவில்லை.

நான் அமர்வு நீதிமன்றம் ஒன்றில் 31 ஆண்டுகள் எழுத்தராக வேலை பார்த்து ஓய்வுபெற்றவன். கொலை வழக்கில் தீர்ப்பை வாசித்து முடித்ததும் நீதிபதி எழுந்து உள்ளே போய்விடுவார். வழக்கறிஞர்கள் கட்டுகளை அள்ளிக்கொண்டு அடுத்த வழக்குக்கு ஓடுவார்கள். செத்தவனின் தாயோ மனைவியோ மட்டும் வராந்தாத் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். “எங்கள் தரப்பை யாருமே கேட்கவில்லையே ஐயா” என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒரு வார்த்தையும் இருந்ததில்லை. கி.மு. 458இல் ஏதென்ஸில் அரங்கேறிய இந்த நாடகத்தின் கடைசிப் பகுதி என்னை விடாமல் பிடித்துக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

நாடகம் சொல்லும் அரச வீட்டின் பழி ட்ராய்ப் போருக்கும் முந்தியது. அத்ரியஸ் தன் தம்பியின் பிள்ளைகளைக் கொன்று, அந்தக் கறியை அவனுக்கே விருந்தாக வைத்தவன். அவன் மகன் அகமெம்னன். ஆலிஸ் துறையில் எதிர்க்காற்று கப்பல்களைக் கட்டிப்போட்டபோது, ட்ராய்க்குப் படை புறப்படுவதற்காகத் தன் மகள் இபிஜீனியாவையே பலி கொடுத்தான். ஈஸ்கிலஸ் அதை எப்படி எழுதியிருக்கிறார் என்று பாருங்கள். ஆட்டுக்குட்டியைத் தூக்குவதுபோல் அவளைப் பலிபீடத்தின் மேல் தூக்குகிறார்கள். வீட்டின் மேல் சாபம் விழுந்துவிடக் கூடாது என்று வாயைக் கட்டிவிடுகிறார்கள். மஞ்சள் ஆடை தரையில் சரிகிறது. அப்பாவின் விருந்துகளில் பாடிய பெண் அவள். கொல்லப்போகிறவர்களில் பலரும் அந்தப் பாட்டைக் கேட்டவர்கள். ஒவ்வொருவரையும் கண்ணால் கெஞ்சுகிறாள். பேச முடியவில்லை.

பத்தாண்டுகளுக்குப் பிறகு தாய் கிளைதெம்னெஸ்திரா பேசுகிறாள். குளியல் தொட்டியில் கணவன் மேல் அங்கியை வலைபோல் வீசி மூன்று முறை வெட்டிவிட்டு வெளியே வருகிறாள். தன் மேல் தெறித்த ரத்தம், கதிர் வெடிக்கும் பருவத்தில் பயிருக்கு வானம் தரும் மழையைப்போல் இருந்தது என்கிறாள். அந்த வரியை நான் எத்தனையாவது முறை படித்தாலும் உடல் கூசுகிறது. அந்த மகிழ்ச்சி பொய்யில்லை என்பதுதான் கொடுமை. அடுத்த நாடகத்தில் மகன் ஒரெஸ்டஸ், தாயையும் அவளோடு சேர்ந்து சதி செய்த ஏகிஸ்தஸையும் கொன்றுவிட்டு அதே வாசலில் நிற்கிறான். கீழே இரண்டு பிணங்கள், கையில் அதே அங்கி. முதல் நாடகத்தில் தாய் நின்ற கோலத்தில் மகனை நிறுத்திக் காட்டிவிட்டார் ஈஸ்கிலஸ். கொல்பவர்கள் எல்லோரும் நியாயத்தோடுதான் வருகிறார்கள். அடுத்தவன் கத்தி எடுப்பதற்குக் காரணத்தை விட்டுவிட்டுப் போகிறார்கள்.

இனி மூன்றாம் நாடகத்தில் வரும் வழக்குக்கு வருகிறேன். தாயைக் கொன்றவனைத் துரத்திவரும் எரின்யர்கள் என்னும் பழிவாங்கும் தேவதைகள் ஒரு பக்கம், ஒரெஸ்டஸுக்காக அப்பல்லோ தெய்வம் மறுபக்கம். ஏதென்ஸின் காவல் தெய்வமான அத்தீனா நகரத்தாரைத் தேர்ந்தெடுத்து அரியோபாகஸ் குன்றில் நடுவர்களாக உட்கார வைக்கிறாள். தாய் என்பவள் விதையைக் காத்து வைப்பவள்தான், பெற்றவர் தந்தையே என்பதுபோல் அப்பல்லோ வாதாடுகிறான். இதைவிட மோசமான வாதத்தை என் பணிக்காலத்தில்கூட நான் கேட்டதில்லை. வாக்குகள் சரிபாதியாக விழுகின்றன. அத்தீனா ஒரெஸ்டஸ் பக்கம் நின்றதால் அவன் விடுதலையாகிறான், நன்றி சொல்லிவிட்டு ஊர் போய்ச் சேர்கிறான். இபிஜீனியாவின் பெயரை அந்த மன்றத்தில் ஒருவரும் எடுக்கவே இல்லை.

இந்த மூன்றாம் நாடகம் மொத்தம் 1047 வரிகள். ஒரெஸ்டஸ் போவது 777ஆம் வரியில். மீதி கால் பங்கு நாடகம் எதற்கு என்று கட்டுரையாளர் கேட்டுக்கொள்ளவில்லை. தோற்ற தரப்பு மேடையிலேயே நிற்கிறது. “இளைய தெய்வங்களே, பழைய சட்டங்களை மிதித்துவிட்டீர்கள்” என்று எரின்யர்கள் குமுறுகிறார்கள். மண்ணில் நஞ்சைப் பொழிவோம் என்கிறார்கள். அத்தீனா சமாதானம் சொல்கிறாள். அவர்கள் அதே பாடலை, எழுத்து மாறாமல், மறுபடியும் பாடுகிறார்கள். அவள் சொன்னது காதில் விழவே இல்லை. துக்கத்தில் இருப்பவர்கள் அப்படித்தான் பேசுவார்கள், சொன்னதையே சொல்வார்கள். அத்தீனா எழுந்து போகவில்லை. நீங்கள் தோற்கவில்லை, வாக்குகள் சமம்தானே என்கிறாள். தெய்வங்களின் தலைவன் ஜீயஸின் இடி வைத்திருக்கும் அறையின் சாவி தனக்குத் தெரியும் என்று ஒருமுறை சொல்லிவிட்டு, அது இங்கே தேவையில்லை என்று தானே விட்டுவிடுகிறாள். மீண்டும் மீண்டும் பேசுகிறாள். கடைசியில்தான் அவர்கள் கேட்கிறார்கள்: எங்களுக்கு என்ன இடம் தருவாய்? உங்களை வணங்காத எந்த வீடும் செழிக்காது என்று வாக்களிக்கிறாள்.

அதற்குப் பிறகு வருகிற பாட்டைக் கட்டுரையாளர் தவறாமல் படிக்க வேண்டும். உள்நாட்டுக் கலகம் இந்த ஊரில் ஒருநாளும் முழங்க வேண்டாம், குடிமக்களின் ரத்தத்தைப் பழிக்காக மண் குடிக்க வேண்டாம் என்று வேண்டுகிறவர்கள் அதே எரின்யர்கள்தான். அன்று அரங்கில் உட்கார்ந்திருந்த ஏதென்ஸ்காரர்களுக்கு அது வெறும் பாட்டாக இருந்திருக்க முடியாது. அரியோபாகஸ் மன்றத்தின் அதிகாரத்தைக் குறைத்து, முக்கியமாகக் கொலை வழக்குகளை அதற்கு விட்டுவைத்த ஏதென்ஸ் அரசியல் தலைவர் எபியால்டஸ், அதற்குச் சில ஆண்டுகள் முன்புதான் கொலையுண்டிருந்தார்.

முடிவில் எரின்யர்களுக்குச் செந்நிற ஆடை போர்த்தி, தீப்பந்தங்களோடு பெண்கள் அழைத்துச் செல்கிறார்கள். முதல் நாடகத்தில் அகமெம்னன் சாவை நோக்கி நடந்ததும் செந்நிறத் துணியின் மேல்தான். இதை மேடையில் காட்டாமல் விட்டால் நாடகமே குறைப்பட்டுப்போகும்.

இந்தக் கட்டுரைகள் நூலாக வரும்போது ‘விரட்டப்பட்டனர்’ என்ற சொல்லைத் திருத்தும்படி கட்டுரையாளரை வேண்டுகிறேன். அவர்கள் எங்கும் போகவில்லை. அந்த மன்றம் இருந்த குன்றை ஒட்டியே அவர்களுக்குக் கோயில் இருந்தது.

இப்படிக்கு,
நீண்டகால வாசகர்,
கும்பகோணம்.