கதவில் தொங்கிய பை

கர்த்தருக்குள் அன்பானவர்களுக்கு, ஸ்தோத்திரம்.

அம்மா நேற்று சாயங்காலம் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். நடந்ததையெல்லாம் திரும்ப எழுதப் போவதில்லை, எங்களோடு சேர்ந்து அத்தனை நாளையும் கடந்தவர்கள் நீங்கள்தானே. இரத்தம் கொடுத்த தம்பிகள், ராத்திரி மாறி மாறிக் காத்திருந்தவர்கள், சாப்பாடு அனுப்பிய வீடுகள், பணத்தைக் கட்டிவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் போனவர்கள், வார்டு வாசலிலேயே நின்று ஜெபித்த போதகர் ஐயா, ஊசி போடும்போதெல்லாம் அம்மாவின் தலையைத் தடவிக்கொடுத்த நர்ஸ் சகோதரிகள், எல்லாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. ஒவ்வொருவரையும் நேரில் வந்து பார்ப்பேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் இங்கேயே எழுதியாக வேண்டும், பெயர் இல்லாமல்.

இரண்டாவது வாரம் என்று நினைக்கிறேன். அம்மாவின் அழுக்குத் துணிகளை ஒரு பையில் போட்டு, துவைக்க நேரமில்லாமல் வீட்டு வாசல் கதவில் மாட்டிவிட்டு மறுபடியும் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். எப்படிப்பட்ட துணிகள் என்று படுக்கையில் கிடப்பவர்களைப் பார்த்துக்கொண்டவர்களுக்குத் தெரியும், சொந்தக்காரர்களே தொடத் தயங்குகிற துணிகள். அடுத்த நாள் வந்து பார்த்தால் அதே பை அதே கதவில் தொங்குகிறது, உள்ளே எல்லாம் துவைத்து, காயவைத்து, மடித்து. பக்கத்து வீட்டில் கேட்டேன், அவர்கள் இல்லை. சரி, யாரோ என்று விட்டுவிட்டேன், யோசிக்கவும் தெம்பு இல்லை. அப்புறம் தினமும் அப்படியே நடந்தது. ஒருநாள் அம்மாவின் நைட்டியில் பிய்ந்துபோயிருந்த பொத்தான்கூடத் தைத்திருந்தது. அதைப் பார்த்துவிட்டு வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதேன், அத்தனை நாளும் வராத அழுகை.

ஆளைப் பார்த்தது ஒரு விடியற்காலையில், நான் எதிர்பாராமல் சீக்கிரம் வந்தபோது. எங்கள் சபையில் பல வருடமாக இருக்கிற ஒரு அக்கா. அன்றைக்குத்தான் நான் அவர்களுடைய பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். சபையில் எல்லாருக்கும் சொல்லப்போகிறேன் என்றதும் பையைக் கீழே வைத்துவிட்டு, "வேண்டாம் தம்பி. நீங்க சொல்லிட்டீங்கன்னா, நாளைக்கு நான் துணிக்காக வந்தேனா, நீங்க சொல்லப்போறதுக்காக வந்தேனான்னு எனக்கே தெரியாமப் போயிடும்" என்றார்கள்.

நான் 12 வருடமாகப் பாடல் ஊழியத்தில் இருக்கிறேன். ஒரு கூட்டத்தின் நோட்டீஸில் என் பெயர் விடுபட்டதற்காக இரண்டு வாரம் பயிற்சிக்குப் போகாமல் இருந்திருக்கிறேன். கேட்டவர்களிடம் தொண்டை சரியில்லை என்றேன், அது பொய். அந்த அக்கா சொன்னதைக் கேட்ட பிறகு அதை மறைத்துவைக்க மனசு வரவில்லை.

யோவான் சுவிசேஷத்தில், இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கின கானா ஊர்க் கலியாணத்தை எத்தனை தடவை வாசித்திருப்போம். 6 கற்சாடிகள், ஒவ்வொன்றும் இரண்டு மூன்று குடம் கொள்ளும் என்று எழுதியிருக்கிறது, இன்றைய கணக்கில் எல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 450 முதல் 700 லிட்டர் வரும். குழாய் இல்லாத காலம், அவ்வளவையும் யாரோ சுமந்து வந்து ஊற்றியிருக்கிறார்கள், அதுவும் விளிம்புவரை. திராட்சரசம் எங்கேயிருந்து வந்தது என்று பந்தியைக் கவனித்த பந்திவிசாரிப்புக்காரனுக்குத் தெரியவில்லை, தண்ணீரை மொண்ட வேலைக்காரருக்குத் தெரிந்திருந்தது. பாராட்டு மணவாளனுக்குப் போயிற்று, வேலைக்காரர் வாய் திறந்ததாக யோவான் எழுதவில்லை. ஆனால் அந்த அற்புதத்துக்கு அவர்களைவிடக் கிட்டத்தில் நின்றவர்கள் யார்? ஊழியத்தில் கிடைக்கிற சந்தோஷம் அந்த இடத்தில்தான் இருக்கிறது என்று இப்போது நம்புகிறேன், மேடையில் நான் அதைத் தேடிக்கொண்டிருந்தேன்.

இந்த மடலை எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் குழம்பினேன். மனுஷர் காணவேண்டுமென்று தர்மம் செய்யாதீர்கள் என்று மத்தேயு 6-ல் சொன்ன இயேசுதான், அதே மலைப்பிரசங்கத்தில், உங்கள் நற்கிரியைகளைக் கண்டு உங்கள் பிதாவை மகிமைப்படுத்தும்படி உங்கள் வெளிச்சம் பிரகாசிக்கட்டும் என்று 5-ல் சொல்லியிருக்கிறார். இரண்டையும் சேர்த்து வாசித்தபோது, செய்த காரியம் தெரியலாம், மகிமை மட்டும் பிதாவுக்குப் போகவேண்டும் என்று புரிந்துகொண்டேன். அக்காவிடம் அப்படியே கேட்டேன். பெயர் போடாமல், யாரென்று கண்டுபிடிக்க முடியாமல் எழுதுவதானால் எழுதுங்கள் என்றார்கள். ஆகையால் தயவுசெய்து யாரும் தேடவேண்டாம், யாரையும் பார்த்து நீங்களா என்று கேட்கவும் வேண்டாம்.

நானும் கர்த்தரிடம் ஒரு பொருத்தனை செய்திருக்கிறேன். அது என்ன என்று இங்கே எழுதமாட்டேன்.

அம்மா காலையிலிருந்து அந்தப் பொத்தானைத் தடவித் தடவி, யாருடா தைத்தது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அம்மாவுக்கு மட்டும் சொல்லட்டுமா என்று அக்காவுக்குச் செய்தி அனுப்பியிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.