"கூப்பர் இவர்தான்" என்று அறிவிக்கப்போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

புத்தகம் எழுதுகிறவர்களுக்கும், ஆவணப்படம் எடுக்கிறவர்களுக்கும், மறைந்த தகப்பனாரின் பெட்டியைத் திறந்துவிட்டு "நம் அப்பாதான் அந்த ஆளோ" என்று கலங்கி நிற்கும் பிள்ளைகளுக்கும்,

வணக்கம்.

1971 நவம்பர் 24 அன்று அமெரிக்காவின் போர்ட்லாண்டிலிருந்து சியாட்டிலுக்குக் கிளம்பிய நார்த்வெஸ்ட் ஓரியண்ட் 305 விமானத்தைக் கடத்தி, பணயமாக வாங்கிய 2,00,000 டாலரோடு பாராசூட்டில் இருட்டில் குதித்தவரை உலகம் "டி.பி. கூப்பர்" என்கிறது. அவர் யாரென்று இன்றுவரை தெரியாது. "கண்டுபிடித்துவிட்டோம்" என்ற அறிவிப்புக்கு மட்டும் பஞ்சமே இல்லை. அறிவிக்கப்படுகிறவர் பெரும்பாலும் இறந்துபோனவர். மறுத்துப் பேச வரமாட்டார். அடுத்த பெயரை வெளியிடுமுன் ஒன்றை மனத்தில் வையுங்கள். இந்த வழக்கில் கையிலிருக்கும் தடயங்கள் ஆளைக் கழித்துக்கட்ட உதவும், ஆளைக் காட்டித் தராது.

பெயரிலேயே முதல் சறுக்கல். டிக்கெட்டில் இருந்தது "டான் கூப்பர்". "டி.பி." என்பது செய்தியாளர்கள் தரப்புக் குழப்பத்தில் ஒட்டிக்கொண்டது, கடத்தியவர் அந்த இரண்டெழுத்தைச் சொன்னதும் இல்லை, எழுதியதும் இல்லை. உங்கள் ஆளின் இனிஷியல் டி.பி. என்பதால் ஒரு பயனும் கிடையாது. பின்னாளில் பத்திரிகைகளுக்கு வந்த "டி.பி. கூப்பர்" கடிதங்களில் சங்கேதம் தேடுவதும் அப்படித்தான்.

உருவ விவரம் சல்லடையாக உதவும். பணிப்பெண்கள் சொன்னது: நாற்பதுகளின் நடுவயது, 5 அடி 10 அங்குலம் முதல் 6 அடி வரை உயரம், 170 முதல் 180 பவுண்டு எடை, கறுத்த முடி, பழுப்புக் கண்கள். அன்றைக்கு உங்கள் ஆளுக்கு 28 வயது என்றால் அங்கேயே நிறுத்திவிடலாம். ஆனால் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எஃப்.பி.ஐ. வெளியிட்ட ஓவியத்தின்மேல் குடும்பப் புகைப்படத்தை வைத்து, மூக்கு பொருந்துகிறது, தாடை பொருந்துகிறது என்று காட்டாதீர்கள். அது நினைவைக் கேட்டு வரைந்த படம். கண்ணுக்கும் கண்ணுக்கும் உள்ள இடைவெளியை யாரும் அளந்து சொல்லவில்லை. அவர் பெரும்பகுதி நேரம் கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார். போதாக்குறைக்கு, ஓவியம் பிற்பாடு திருத்தி வேறாக வரையப்பட்டது. முதல் படத்துக்கு அச்சாக இருப்பவர் இரண்டாவதற்கு அந்நியராகத் தெரிவார்.

"ராணுவத்தில் பாராசூட் வீரராக இருந்தார்" என்பது எல்லாரும் கொண்டுவரும் சீட்டு. அது இரண்டு பக்கமும் வெட்டும். 10,000 அடிக்குக் கீழே, சக்கரங்களை இறக்கி, இறக்கையின் மடிப்புத் தகடான ஃபிளாப்பை 15 டிகிரியில் வைத்துப் பறக்கச் சொன்னவருக்கு போயிங் 727 பற்றி ஏதோ தெரிந்திருக்கிறது. அதே ஆள் மழை இருட்டில் சாதாரணக் காலணியோடு குதித்தார். அவருக்குக் கொடுத்த இரண்டு ரிசர்வ் (மாற்று) பாராசூட்டுகளில் ஒன்று, திறக்காதபடி தைத்துவைத்த, பயிற்சிக்கான பொம்மைப் பாராசூட், தவறுதலாகப் போனது. நல்லதைப் பிரித்துக் கயிற்றை அறுத்துப் பணப்பையைக் கட்டினார். திறக்காத பொம்மையோ விமானத்தில் மிஞ்சவில்லை, அவரோடு போனதாகத் தெரிகிறது. பழகிய கை செய்கிற காரியமா இது?

இனி டை. ஜேசி பென்னி கடையில் விற்ற, கிளிப் வைத்த கறுப்பு டை ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டுப் போனார். அதில் தூய டைட்டானியத் துகள்கள் பிற்பாடு கிடைத்தன. 1971-இல் அது எல்லா இடத்திலும் புழங்கிய உலோகம் அல்ல என்பதால், உலோக ஆலையில் வேலை பார்த்த ஒவ்வொருவரையும் இதோடு முடிச்சுப் போடுகிறார்கள். டை அவர் புதிதாக வாங்கியதா, யாரோ போட்டுக் கழித்ததா என்பது தெரியாமல் அந்த முடிச்சு நிற்காது. டிஎன்ஏ விஷயமும் இதேதான். டையில் கிடைத்தது முழுமையற்ற தடயம். அது அவருடையதுதானா என்று எஃப்.பி.ஐ.யே உறுதி சொல்லவில்லை. உங்கள் ஆளின் டிஎன்ஏ பொருந்தவில்லை என்றாலும் அவர் தப்பினார் என்றில்லை. பொருந்தினாலும் மாட்டினார் என்றில்லை. விமானத்தில் அவர் புகைத்துப்போட்ட, எச்சில் ஒட்டிய எட்டு ராலே சிகரெட் துண்டுகள் இதைத் தீர்த்திருக்கும். அவை பின்னாளில் தொலைந்தே போயின. இந்த வழக்கில் எங்களுக்குப் பொறுக்காத ஒன்று உண்டென்றால் அதுதான்.

அடையாளம் காண்பது என்றால் எப்படியிருக்கும் என்பதற்கு ரிச்சர்ட் மெக்காய் வழக்கைப் பாருங்கள். 1972 ஏப்ரல் 7 அன்று யுனைடெட் விமானத்தைக் கடத்தி, 5,00,000 டாலர் வாங்கிக்கொண்டு யூட்டாவில் குதித்தார். கைரேகையும் கையெழுத்தும் ஒத்துப்போயின. வீட்டைச் சோதித்தபோது 4,99,970 டாலர் இருந்தது. 30 டாலர்தான் குறைவு! அவரே கூப்பர் என்று இன்றும் சொல்கிறவர்கள் உண்டு. உருவமும் வயதும் ஒத்துவராததால் எஃப்.பி.ஐ. அதை ஏற்கவில்லை.

ஆக, ஆளைக் காட்டக்கூடியது பணம்தான். மொத்தம் 10,000 இருபது டாலர் நோட்டுகள், சுமார் 10 கிலோ, எல்லாவற்றின் வரிசை எண்ணும் பதிவில் இருக்கிறது. பெரும்பாலானவை சான் ஃபிரான்சிஸ்கோ வங்கியைக் குறிக்கும் "எல்" எழுத்தில் தொடங்குபவை. பரணில் கட்டு கிடைத்தால் முதலில் நோட்டில் அச்சான வரிசை ஆண்டைப் பாருங்கள். 1974 என்றிருந்தால் கதை முடிந்தது. அதற்கு முந்தையதென்றால் எண்களைப் பட்டியலோடு ஒன்றொன்றாக ஒப்பிடுங்கள்.

உங்கள் கதை டீனா பார் மணற்கரைக்கும் பதில் சொல்லியாக வேண்டும். 1980 பிப்ரவரியில் கொலம்பியா ஆற்றங்கரையில் ஒரு சிறுவன் மண்ணைக் கிளறியபோது மூன்று கட்டுகள் கிடைத்தன: 290 நோட்டு, 5,800 டாலர், ரப்பர் பட்டை போட்டபடியே. அவர் விழுந்ததாகக் கருதப்படும் பகுதியின் லூயிஸ் ஆறு, இந்தக் கரையைத் தாண்டிக் கீழேதான் கொலம்பியாவில் கலக்கிறது. பணம் எதிர்நீச்சல் போட்டு வராது. வெளியே கிடந்த ரப்பர் பட்டை வெகுநாள் தாங்கவும் தாங்காது.

2016 ஜூலையில் எஃப்.பி.ஐ. விசாரணையை நிறுத்தியபோதும், பணமோ பாராசூட்டோ கிடைத்தால் அருகிலுள்ள தங்கள் அலுவலகத்தில் சேர்க்கச் சொன்னது. பாராசூட் என்றால் துணியைப் பாருங்கள்: 2008-இல் ஆம்பாய் அருகே தோண்டியெடுத்தது பட்டு, கூப்பர் எடுத்துப்போனது நைலான், விஷயம் அதோடு தீர்ந்தது. நோட்டுக்கட்டு என்றால் கழுவாதீர்கள், பிரிக்காதீர்கள், ரப்பர் பட்டையைத் தொடாதீர்கள். கிடந்த நிலையிலேயே படமெடுத்து, காகித உறையில் போடுங்கள். அடியிலிருந்த மண்ணில் ஒரு பிடி தனி உறையில்.

இப்படிக்கு,
கூப்பர் வழக்குக் கோப்புகளைத் தொடர்ந்து படித்துவருகிறவர்கள்