தூரை யார் பார்ப்பது?

நன்னிலம்,
மார்கழி.

அன்புள்ள கணேசனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. தங்கச்சிக்கு முழங்கால் வலி தேவலை என்று படித்ததும் நிம்மதி. இங்கே எல்லோரும் சௌக்கியம். சம்பா பால் பிடிக்கிற நேரம், பனியும் விடாமல் கொட்டுகிறது.

2013-ல் வந்த அந்த ஆய்வைப் பற்றி எழுதியிருந்தாயே, மனசை விட்டுப் போகவில்லை. நுரையீரல் சிடி ஸ்கேனில் கட்டி தேடிய 24 ரேடியாலஜி மருத்துவர்களில் 20 பேர், கட்டியைவிட 48 மடங்கு பெரிதாகச் சோதனைக்காகவே உள்ளே வைத்திருந்த கொரில்லா படத்தைக் கவனிக்கவில்லை. அவர்களில் பலருடைய கண் அதன் மேலேயே பட்டிருக்கிறது. "இத்தனை படித்தவர்களா இப்படி?" என்று வருத்தப்பட்டிருக்கிறாய். ஸ்கேன் சென்டரிலேயே வேலை பார்க்கிறவனுக்கு அது வலிக்கத்தான் செய்யும். ஆனால் எனக்கு அதில் அலட்சியம் தெரியவில்லை. சின்ன வெள்ளைப் புள்ளியைத் தேடு என்று மனசுக்கு உத்தரவு போட்டாகிவிட்டது. அப்புறம் மற்றது கண்ணில் பட்டாலும் மனசில் ஏறாது.

எங்கள் வயலில் இது அன்றாடம் நடப்பதுதான். வரப்பில் நிற்கிறவனுக்குப் பயிரின் மேல்பாதிதான் தெரியும். இலைச்சுருட்டுப் புழு இலையை மடித்து வெள்ளையாக்கியதும் மருந்துக் கடைக்கு ஓடுகிறார்கள். இளம்பயிராக இருந்தால் அந்தச் சேதத்தைப் பெரும்பாலும் பயிரே ஈடுகட்டிக்கொள்ளும். புகையான் என்கிற பொடிப்பூச்சி அப்படியில்லை. தண்ணீருக்குச் சற்று மேலே, பயிரின் அடிப்பாகமான தூரில் அப்பிக்கொண்டு சாற்றை உறிஞ்சும். குனிந்து பயிரை விலக்கினால்தான் தெரியும். வரப்பிலிருந்து தெரிகிற நேரத்தில் வட்ட வட்டமாகக் கருகியிருக்கும். இதில் கொடுமை என்னவென்றால், மேலே தெரிந்த புழுவுக்கு அடித்த மருந்து புகையானைத் தின்கிற சிலந்திகளையும் கொன்றுவிடுகிறது. கண்ணில் பட்டதற்குச் செய்த வைத்தியம், கண்ணில் படாததை வளர்த்துவிடுகிறது.

களையெடுக்கிற பெண்களுக்கு நாள் முழுக்க முகம் தூருக்குப் பக்கத்தில். "அண்ணே, கீழே பொடிப்பூச்சியா இருக்கு" என்று முதலில் சொல்வது அவர்கள்தான். களைக்கொல்லி வந்த பிறகு அவர்கள் வயலுக்குள் இறங்குவது குறைந்துவிட்டது. கூலி மிச்சம் என்று எல்லோரும் கணக்குப் போட்டோம். அத்தனை ஜோடிக் கண்கள் போனதை யாரும் கணக்கில் எழுதவில்லை, அதுதான் என் ஆதங்கம். கைக்களை எடுக்கிற வயலிலும் இரண்டாம் களைக்குப் பிறகு யாரும் குனிவதில்லை. புகையான் அதிகமாகப் பெருகுவதோ அதற்கப்புறம்.

அதனால் "கவனமாகப் பார்" என்று மகனிடம் சொல்வதை விட்டுவிட்டேன். கண்ணுக்கு வேறு வேலை கொடுத்திருக்கிறேன்: வாரத்தில் ஒரு நாள் இலை பக்கமே பார்க்காமல் தூரை மட்டும் விலக்கிப் பார்க்க வேண்டும். எட்டடிக்கு ஓரடி இடைவெளி, அதாவது பட்டம், விட்டு நடச் சொல்கிறார்கள் அல்லவா, தூருக்குக் காற்றும் வெளிச்சமும் போகட்டும் என்று? பயிரை மிதிக்காமல் உள்ளே நடந்துபோய்ப் பார்க்கவும் அந்தப் பட்டம்தான் வழி. அடுத்த நடவில் எல்லா வயலிலும் விடப்போகிறேன்.

உன்னிடம் ஒன்று கேட்க வேண்டும். என்ன நோய் என்று சந்தேகிக்கிறார்கள் என்பதைச் சொல்லாமலே இரண்டாவதாக ஒருவரிடம் படத்தைக் காட்டுகிற வழக்கம் உங்களிடம் உண்டா? இல்லையென்றால் உங்கள் டாக்டரிடம் பேசிப் பார். பொங்கலுக்குக் குடும்பத்தோடு வா, மீதியை நேரில் பேசுவோம்.

அன்புடன்,
ராமு