ஆடு புலி ஆட்டக் குழுவின் பணி: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம். முந்தைய பொதுக்குழுவில் ஒப்புதல் பெற்ற ஆடு புலி ஆட்டக் கைப்பேசி விளையாட்டைப் பற்றிய அறிக்கையைச் சபையின் முன் வைக்கிறேன். விளையாட்டு இந்த ஆண்டும் வெளிவரவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுவது முறை.

நால்வர் கொண்ட குழு, அவரவர் வேலை முடிந்த பின் மாலை நேரங்களில் மட்டுமே கூடிப் பணியாற்றியது. தொடக்கத்தில் கோடோ என்னும் கட்டற்ற விளையாட்டு எஞ்சினின் (விளையாட்டுகளை உருவாக்க உதவும் மென்பொருளின்) மூன்றாம் பதிப்பில் எழுதிவந்தனர். அதில் 'வெற்றி' என்று எழுதினால், ஒற்றைக்கொம்பு வகரத்துக்கு முன்னால் நிற்காமல் பின்னால் போய் ஒட்டிக்கொண்டது. தமிழ் போன்ற மொழிகளின் எழுத்துகளைக் கோத்துக் காட்டும் வசதி 2023 மார்ச்சில் வெளியான நான்காம் பதிப்பில்தான் வந்தது என்பதால், பதிப்பை மாற்றுவதைத் தவிர வேறு வழியில்லை. பழைய நிரலில் பெரும்பகுதி புதிய பதிப்பில் அப்படியே ஓடாததால், அதைத் திருத்தி எழுதவே மூன்று மாதங்கள் போயின.

விதிகளை முடிவு செய்ததே ஆண்டின் கடினமான வேலைகளில் ஒன்று. நாம் எடுத்துக்கொண்ட பலகையில் உச்சியில் 1, குறுக்குக் கோடுகள் மூன்றிலும் கோட்டுக்கு 6 வீதம் 18, அடியில் 4 என மொத்தம் 23 புள்ளிகள். புலி 3, ஆடு 15. ஆட்டைத் தாண்டி வெட்டுவது புலியின் வேலை; புலிகளை நகரவிடாமல் அடைப்பது ஆடுகளின் வேலை. இதுவரை சிக்கல் இல்லை. திண்ணையில் கட்டம் கிழித்து ஆடிப் பழகிய மூத்த உறுப்பினர்களைக் கேட்டபோதோ, எல்லா ஆடுகளையும் இறக்கும் முன் ஆட்டை நகர்த்தலாமா, வெட்ட வழியிருந்தால் புலி வெட்டியே ஆகவேண்டுமா, ஒரே முறையில் அடுத்தடுத்து இரண்டு ஆடுகளை வெட்டலாமா என்ற மூன்று கேள்விகளுக்கும் ஆளுக்கொரு விடை வந்தது. அவர்களுள் இருவர் ஒரு மாதம் பேசிக்கொள்ளாமல் இருந்ததை நடவடிக்கைக் குறிப்பேட்டில் ஏற்றவில்லை. இங்கே சொன்னதற்குப் பொறுத்தருள வேண்டும். ஆடுகள் அனைத்தும் இறங்கிய பிறகே நகர்த்தலாம், வெட்டுவது கட்டாயமில்லை, ஒரு முறைக்கு ஓர் ஆடுதான் என்று பொதுவிதி வகுத்து, மற்ற வழக்கங்களை ஆடுபவரே தேர்ந்துகொள்ளும்படி விட்டுள்ளோம்.

கணினி ஆடும் புலி இரண்டே வாரத்தில் தயாரானது; ஆட்டுக்கோ ஏறக்குறைய ஆண்டு முழுவதும் தேவைப்பட்டது. பக்கத்தில் ஆடும் அதற்கு நேர் பின்னே காலியிடமும் இருக்கின்றனவா என்று பார்த்தாலே புலிக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஆடுகளோ ஒன்றுக்கொன்று முதுகு காத்து நிற்க வேண்டும். நான்கு நகர்வுகளை முன்கூட்டிக் கணக்கிட்டு ஆடிய நமது நிரல் அரணை ஒழுங்காகவே கட்டியது. ஆனால் 15 ஆடுகளும் இறங்கிய பின் ஏதேனும் ஒன்றை நகர்த்தியே தீர வேண்டும் என்பதால், கட்டிய அரணைத் தானே பிரித்துப் புலிக்கு வழிவிட்டது. இதைக் கண்ட மூத்த உறுப்பினர் ஒருவர், புலி எட்டாத மூலையில் சும்மா போய்வர ஓர் ஆட்டுக்கு இடம் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். நிரலின் கணக்கில் அந்த இடத்துக்குத் தனி மதிப்பெண் கொடுத்த பிறகுதான் கணினியின் ஆடுகள் புலிகளை அடைக்கத் தொடங்கின. எனது பார்வையில், இந்த ஆண்டு குழு கற்ற பாடங்களில் இதற்கு ஈடானது வேறில்லை.

ஓவியங்கள் நிறைவடைந்துள்ளன. ஒலிப்பதிவு பாக்கி.

கூகுள் பிளேயில் சங்கத்தின் பெயரில் கணக்குத் திறக்க, நிறுவனங்களை அடையாளம் காட்டும் டன்ஸ் (D-U-N-S) எண் வேண்டும். நம்மிடம் அது இல்லாததால், செயற்குழுவின் இசைவுடன் ஓர் உறுப்பினரின் பெயரில் தனிநபர் கணக்கு தொடங்கப்பட்டது. பதிவுக் கட்டணம் ஒருமுறை செலுத்தும் 25 டாலர். வரவு செலவு அறிக்கையில் இது காட்டப்பட்டுள்ளது. புதிய தனிநபர் கணக்குகளுக்கு, குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாட்கள் சோதனையில் இருந்தால்தான் பொது வெளியீட்டுக்கு விண்ணப்பிக்க முடியும். இதுவரை 7 பேர் இசைந்துள்ளனர். ஆண்ட்ராய்டு கைப்பேசி வைத்திருக்கும் உறுப்பினர்கள், இடையில் விலகாமல் இரண்டு வாரமும் இருக்க இயலுமானால், கூட்டம் முடிந்ததும் பொருளாளரிடம் உள்ள நோட்டில் பெயர் எழுதித் தருமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்